இளஞ்சிவப்பாகப் போய் ஊதாவாகத் திரும்பிய படிகம்

காரைக்குடியிலிருந்து சென்னைக்கு மூன்று முறை போய்வந்த பிறகுதான் என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்துக்கு வெப்பநிலைக்கேற்பப் பொருளின் காந்தத்தன்மை மாறுவதைக் காட்டும் உருப்படியான ஒரு வளைகோடு கிடைத்தது. முதல் இரண்டு பயணங்களை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

காந்தத் தன்மை கொண்ட நுண்துளைப் பொருளை உருவாக்குவதே என் முனைவர் பட்ட ஆய்வு. அதில் என்ன சிக்கல் என்பதை ஆயா வீட்டு வளவைக் காட்டித்தான் ஆயாவுக்கு விளக்கினேன். தூண்கள் தள்ளித் தள்ளி நின்றால்தான் நடுவே முற்றம் கிடைக்கும். உலோக அணுக்களோ நெருங்கி நின்றால்தான் ஒன்றின் காந்தத்தை மற்றொன்று உணரும். தூண்தான் உலோக அணு, முற்றம்தான் துளை. முற்றமும் வேண்டும், நெருக்கமும் வேண்டும். உலோக அணுக்களைக் கோக்கும் ஃபார்மேட், சயனைடு போன்ற குட்டை இணைப்பிகளோடு நாங்கள் மல்லுக்கட்டுவது அதனால்தான். கோபால்ட்டில் நல்ல இளஞ்சிவப்புப் படிகம் விளைய ஒன்றரை ஆண்டு ஆனது. எக்ஸ்கதிர் அளவீடு தொல்லையின்றி முடிந்தது.

காந்த அளவீட்டுக்கு, மிக நுண்ணிய காந்தத்தையும் அளக்கும் ஸ்குவிட் காந்தமானி வேண்டும், எங்களிடம் இல்லை. விடியற்காலைப் பல்லவன் ரயிலில் ஏறி மதியம் போய்ச் சேர்ந்தால், கருவி மைய அலுவலகத்தில் இருந்தவர் படிவத்தைத் திருப்பித் தள்ளினார். நெறியாளர் கையெழுத்து இருந்தது, துறைத் தலைவர் முத்திரை இல்லை. மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அசல்தான் வேண்டும் என்றார். முத்திரைக்கென்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது! அடுத்த முறை வர ஆறு வாரம் காத்திருந்தேன்.

இரண்டாம் முறை காகிதமெல்லாம் சரி, படிகம் பலியானது. ஜெலட்டின் கேப்சூலில் அடைத்துக் கொடுத்திருந்தேன். மாதிரி அறையின் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு ஹீலியத்தை நிரப்புவார்கள் என்பது எனக்குத் தெரியும். அது என் படிகத்தை என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை. துளைகளில் இருந்ததும் கோபால்ட்டோடு பிணைந்திருந்ததுமான கரைப்பான், மெத்தனால், போய்விட்டது. வளைகோட்டில் காந்த ஒழுங்கின், அதாவது அணுக்களின் காந்தங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒழுங்காக அணிவகுப்பதன், சுவடே இல்லை. கேப்சூலைத் திறந்தால் நீலம் பாய்ந்த ஊதாத் தூள். இரவெல்லாம் கருவி அளந்தது நான் தயாரித்த பொருளையே அல்ல.

கரைப்பானைப் பிடித்துவைத்திருக்கும் படிகம் என்றால், அது விளைந்த தாய்க்கரைசலோடு சேர்த்துக் குவார்ட்ஸ் குழாயில் உருக்கி மூடிக் கொண்டுபோங்கள். மெத்தனால் தீப்பிடிக்கும், திரவ நைட்ரஜனில் முழுதாக உறைந்த பிறகே சுடரைக் காட்ட வேண்டும். குழாயில் காற்று தங்கினால் 50 கெல்வின் அருகே ஆக்சிஜனால் ஒரு மேடு தெரியும். அதை உங்கள் படிகத்தின் குணம் என்று எழுதிவிடாதீர்கள். எஃகுக் கரண்டியும் கூடாது, பிளாஸ்டிக்கே நல்லது. ஒட்டிவரும் இரும்புத் துகள் அளவீட்டையே கெடுத்துவிடும்.

பாழான தூளை வீசப்போனபோது, "கொட்டிவிடாதே அம்மா, மெத்தனால் ஆவியில் வைத்துப் பார்" என்றார் நெறியாளர். இரண்டு நாளில் இளஞ்சிவப்பு திரும்பியது. மூன்றாம் முறை புதிய படிகம் ஒன்று, மீண்ட தூள் ஒன்று என இரண்டு குழாய்கள் கொண்டுபோனேன். இரண்டிலுமே 9 கெல்வின் அருகே கோடு விறுவிறுவென்று ஏறியது. திரை முன்னால் நின்று அழுதுவிட்டேன். கரைப்பான் இருந்தால் காந்தம், போனால் இல்லை, வந்தால் மறுபடியும் காந்தம்: அந்த அத்தியாயமே இதுதான். பாழாய்ப்போன இரண்டாம் பயணத்தின் வளைகோடும் அதில் இருக்கிறது.

மாதிரி வெற்றிடத்தைத் தாங்குமா என்று எந்தப் படிவமும் என்னைக் கேட்கவில்லை. தாங்காது என்றால் மேலே சிவப்பு மையில் நீங்களே எழுதிவிடுங்கள். முத்திரையையும் வாங்கிக்கொண்டு ரயில் ஏறுங்கள்.