பிக்கப்பைத் தூக்கிய கணக்கு: முன்னால் 35 மி.மீ., பின்னால் 30

வண்டி டூ வீல் டிரைவ் பிக்கப். முன்னால் டபுள் விஷ்போன் (மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ஆர்ம்), ஷாக்கைச் சுற்றிக் காயில் ஸ்பிரிங். பின்னால் ஆக்சிலுக்கு மேலே உட்கார்ந்த பட்டை செட் (லீஃப் ஸ்பிரிங்). ஓட்டம் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டுக்கு. தோட்டத்துக்குப் போகும்போது காலி, பெங்களூருக்கு வரும்போது 800 கிலோ காய்கறி. டிராக்டர் போய்ப் போய்க் குழிந்த தடத்தில் நடு மேடு வண்டியின் வயிற்றை இழுக்கிறது. பெங்களூருக்குள் வந்தால், யார் அளந்து போட்டார்களோ தெரியாத வேகத்தடைகளில் முன் கிராஸ் மெம்பர் (சேஸியின் குறுக்குச் சட்டம்) உரசுகிறது. இரண்டும் நிற்க வேண்டும், காலி வண்டி எம்பிக் குதிக்கவும் கூடாது. அதற்காகச் சேஸியைச் சக்கரங்களிலிருந்து உயர்த்தினோம்; இதைத்தான் லிஃப்ட் என்கிறார்கள்.

வண்டியைத் தூக்கினால் எல்லாம் உயரும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். சேஸி, கியர்பாக்ஸ், சைலன்ஸர், பம்பர் இவை உயரும். பின் ஆக்சிலும் அதன் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டையும் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அவை நிற்பது டயரின் மேல்; ஸ்பிரிங்கின் மேல் அல்ல. அதை உயர்த்த வேண்டுமென்றால் பெரிய டயர்தான் வழி. 235/70 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 735 மி.மீ., 245/75 ஆர்16 போட்டால் 774. வித்தியாசம் 39, ஆனால் டிஃபரன்ஷியலுக்குக் கிடைப்பது அதில் பாதிதான், 19 மி.மீ. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 84-ல் ஓடும். முதல் கியரின் இழுவையும் அதே அளவு குறையும். சரக்கு வண்டிக்கு லோடு இண்டெக்ஸும் (டயர் தாங்கும் எடையின் குறியீடு) பார்க்க வேண்டும். கார் டயர் ஆகாது. இந்த வேலையில் டயரைத் தொடவில்லை. சேற்றில் சக்கரம் சுற்றும் பிரச்சினைக்கும் லிஃப்ட் மருந்தல்ல. காலி பிக்கப்பின் பின்பக்கம் எடை இல்லாதது, அதனால்தான் சுற்றுகிறது. பாடியில் நாலு மூட்டை மணல் போட்டால் கிடைக்கும் பிடிப்பு எந்தக் கிட்டிலும் கிடைக்காது.

அளவு எடுப்பதிலிருந்து தொடங்கலாம். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்று ஏமாற்றும். ஹப்பின் நடுவிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளக்க வேண்டும். சமதளம், பாதி டேங்க் டீசல், பாடி காலி. கிடைத்தது: முன் இடது 474, முன் வலது 468, பின் இடது 508, பின் வலது 505. வலது பக்கம் டிரைவர் உட்காருவதால் வருஷக்கணக்கில் ஸ்பிரிங் தொய்வது சகஜம். ஆனால் அந்தச் சாய்வு முன்னாலிருந்துதான் வருகிறதா, பின் பட்டையிலிருந்து வருகிறதா என்று பார்க்காமல் முன்னால் கை வைக்கக் கூடாது. டிஃபரன்ஷியலின் நடுவில் ஜாக்கை வைத்துப் பின்பக்கத்தை லேசாகத் தூக்கிவிட்டு மறுபடி முன்னால் அளந்தோம். அப்போதும் 6 மி.மீ. வித்தியாசம் நின்றது. முன் ஸ்பிரிங்தான்.

இனி எவ்வளவு தூக்கலாம் என்ற கேள்வி. டூ வீல் டிரைவில் முன் சக்கரத்துக்கு டிரைவ் ஷாஃப்ட் இல்லை, அதனால் சி.வி. ஜாயின்ட் (அந்த ஷாஃப்ட்டை மடங்க விடும் மூட்டு) கோணம் பற்றிய கவலையே வேண்டாம், மூன்று நாலு அங்குலம் தூக்கிக்கொள் என்று சொல்பவர்கள் உண்டு. பாதிதான் உண்மை. இங்கே தடுப்பது மேல் பால் ஜாயின்ட், அதாவது மேல் ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் குமிழ் மூட்டு. சக்கரம் முழுக்கத் தொங்கும்போது மேல் ஆர்ம் காயில் ஸ்பிரிங்கைத் தொடும். பால் ஜாயின்ட் தன் கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடும் சரிந்துவிடுவதால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டீயரிங் தானாக இழுக்கும். மேல் ஆர்மை மாற்றாமல் 35 முதல் 40 மி.மீ.தான் நிம்மதியான எல்லை.

முதலில் செய்த தவறு இங்கேதான். ஷாக்கின் தலையில் 30 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளியைக் கூட்டும் தடித்த வில்லை) போட்டால் 30 மி.மீ. உயரும் என்று எடுத்துக்கொண்டது. உயர்ந்தது 50. காரணம் எளிது: ஷாக் லோயர் ஆர்மில் உட்காரும் இடம் சக்கரத்தில் இல்லை, நடுவில் இருக்கிறது. ஆர்மின் உள் புஷ்ஷிலிருந்து (சேஸியில் மாட்டிய முனை) ஷாக் போல்ட் வரை 225 மி.மீ., பால் ஜாயின்ட் வரை 375. 225-ஐ 375-ஆல் வகுத்தால் 0.6. ஷாக்கின் தலையில் 30 வைத்தால் சக்கரத்தில் 30 வகுத்தல் 0.6, அதாவது 50. 35 வேண்டுமென்றால் ஷாக்கின் தலையில் 20 அல்லது 21 போதும். டேப் வைத்து இரண்டு அளவு எடுத்திருந்தால் ஒரு முழு நாள் மிச்சமாகியிருக்கும். இடது 20, வலது 23 என்று புது ஸ்பேசர் வெட்டினோம். கூடுதலான அந்த 3 மி.மீ. சக்கரத்தில் 5 ஆகி, பழைய சாய்வைச் சரிக்கட்டியது. கடைசி அளவு இடது 508, வலது 507.

ஸ்பேசரில் இரண்டு வகை. ஷாக்கின் மேல் பிளேட்டுக்கும் சேஸிக்கும் நடுவே வைப்பது ஒன்று. ஸ்பிரிங்கின் தலையில், உள்ளே வைப்பது இன்னொன்று. உள்ளே வைத்தால் உயரம் வரும், ஷாக்கின் நீளம் மாறாது. விளைவு, வண்டி நிற்கும்போதே ஷாக் ஏறக்குறைய முழுக்க நீண்டிருக்கும். வேகத்தடையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் ‘டக்’ என்று உள்ளே அடிக்கும், சீல் சீக்கிரம் போகும். மேலே வைக்கும் வகையில் அது இல்லை; அதற்குப் பதில் வேறொன்று: சக்கரம் முழுக்க மேலே ஏறும்போது ஷாக் பழையதைவிட 20 மி.மீ. கூடுதலாக அமுங்க வேண்டியிருக்கும். பம்ப் ஸ்டாப் (சக்கரம் மேலேறுவதை நிறுத்தும் ரப்பர் கட்டை) தொடுவதற்கு முன் ஷாக் உள்ளே முட்டினால் பிஸ்டன் காலி.

அதை ஊகிக்க முடியாது, பார்த்துவிட வேண்டும். காயில் ஸ்பிரிங் இல்லாமல் பழைய ஷாக் ஒன்றை ஸ்பேசரோடு மாட்டி, ஆர்மை ஜாக்கில் மெல்ல மேலே தூக்கி பம்ப் ஸ்டாப்பை முழுக்க அமுக்கினோம். ஷாக் ராடில் 8 மி.மீ. மிச்சம். 10-க்குக் குறையக் கூடாது என்பது எங்கள் கணக்கு. பம்ப் ஸ்டாப்புக்கு அடியில் 6 மி.மீ. பிளேட் வைத்தோம். பிறகு ஆர்மை முழுக்கத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். வயர், மேல் ஆர்ம் மூன்றையும் பார்த்தோம். வயர் கிளிப் ஒன்றைக் கழற்றிக் கீழே இறக்க வேண்டியிருந்தது. ஸ்பிரிங்கைக் கழற்றவே வேண்டிய வேலை என்றால் சுவரில் பதித்த ஹைட்ராலிக் கம்ப்ரஸர் உள்ள பட்டறைக்கே கொண்டு போங்கள். இரண்டு கொக்கிப் போல்ட்டில் கட்டி அமுக்குவது உயிரோடு விளையாட்டு.

ஸ்பேசரைப் பெங்களூரு பீண்யா தொழிற்பேட்டையில் லேத் போட்டுத் தந்தார்கள், அலுமினியம் 6061. நைலான் மலிவு, ஆனால் நாளாக ஆக அமுங்கும், அமுங்கினால் நட் லூஸாகும். துளை போல்ட்டைவிட அரை மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாக இருக்கக் கூடாது. ஸ்பேசரைப் பிடிக்கும் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) 10.9 உறுதி கிரேடு.

பின்பக்கத்தில் வழிகள் நாலு. நீண்ட ஷாக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேஸியோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) போடலாம். அதில் கூட்டிய நீளத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும், கூடவே ஆக்சிலின் முகமும் திரும்பும். ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்க்கலாம். எப்போதும் லோடோடு ஓடும் வண்டிக்கு அது நல்லது. பாதித் தூரம் காலியாக ஓடும் இந்த வண்டிக்கு முதுகு வலி. பழைய பட்டையை அடித்து வளைக்கலாம், சில மாதங்களில் பழையபடி தொய்யும். மிச்சம் பிளாக். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே 30 மி.மீ. இரும்பு பிளாக், அதற்கேற்ற நீள யூ போல்ட். பட்டையின் கடினம் மாறாது. ஒன்று மட்டும்: உங்கள் வண்டியில் பட்டை ஆக்சிலுக்குக் கீழே தொங்கினால் பிளாக் வைத்தால் வண்டி இறங்கும், ஏறாது! இதைக் குனிந்து பார்க்காமல் கிட் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஒரு பிளாக்கின் மேல் இன்னொன்று அடுக்குவதும், மரக்கட்டை வைப்பதும் வேண்டவே வேண்டாம்.

யூ போல்ட் பெங்களூரு கலாசிப்பாளையத்தில் அளவு சொன்னால் வளைத்துத் தருகிறார்கள். தமிழிலேயே பேசி முடித்துக்கொள்ளலாம். பழைய யூ போல்ட்டைக் கையில் கொண்டு போங்கள். கம்பியின் தடிமன், உள் அகலம், நீளம் மூன்றையும் காட்டி, நீளத்தில் மட்டும் 30 கூட்டச் சொல்லுங்கள். பழைய போல்ட் ஒருமுறை இழுபட்டுவிட்டது, திரும்பப் போடக் கூடாது. பிளாக்கின் அடியில் நீட்டியிருக்கும் முளை, ஆக்சில் மேடையின் துளையில் விழ வேண்டும். மேலே உள்ள துளையில் பட்டையின் சென்டர் போல்ட் தலை உட்கார வேண்டும். ஒரு பக்கம் சரியாக உட்காராமல் இறுக்கினால் ஆக்சில் சாய்ந்து, வண்டி நண்டு மாதிரி ஒருக்களித்துப் போகும். நாலு நட்டையும் எதிரெதிராக, மூன்று சுற்றில், சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க் வரை.

பம்ப் ஸ்டாப்பையும் பின்னால் 30 மி.மீ. இறக்க வேண்டும். இல்லாவிட்டால் முழு லோடில் பட்டை தன் அளவைத் தாண்டி எதிர்ப்புறமாக வளையும். உடைவது பெரும்பாலும் மெயின் பட்டை. ஷாக் 40 மி.மீ. நீளம் கூடிய கேஸ் ஷாக். ஓல்ட் மேன் எமு, ஐயன்மேன் மாதிரி ஆஸ்திரேலியக் கிட்டுகளில் எந்த எடைக்கு எந்த ஸ்பிரிங் என்று பிரித்தே தருகிறார்கள். கிட் வாங்குவதானால் வண்டியில் எப்போதும் இருக்கும் எடையைச் சொல்லி வாங்குங்கள், ஆசைப்பட்ட எடையை அல்ல. எதைப் போட்டாலும் வண்டி தாங்கும் பாரம் அதிகமாகாது என்பதும் நினைவிருக்கட்டும்.

ரப்பர் புஷ் உள்ள எந்த போல்ட்டையும் சக்கரம் தொங்கும்போது முழுக்க இறுக்கக் கூடாது. லோயர் ஆர்ம், ஷாக்கிள், பட்டையின் கண் எல்லாவற்றுக்கும் இதே விதி. கையால் மாட்டி, வண்டியை நாலு காலில் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் இரண்டு முறை அமுக்கிவிட்டு, பிறகுதான் டார்க். தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும். உயரம் கூடுதலாகக் காட்டும், கொஞ்ச நாளில் கிழியும்.

முதல் ஓட்டத்தில் இரண்டு குறை தெரிந்தன. பிரேக் அடித்தால் மூக்கு அளவுக்கு மீறிக் குனிந்தது. பின் ஆக்சிலுக்கும் சேஸிக்கும் நடுவே லோடு பார்த்துப் பிரேக் பிரித்துக் கொடுக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. சேஸி உயர்ந்ததும் அது வண்டி எப்போதும் காலி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிட்டது. 800 கிலோவோடு அது விளையாட்டல்ல. வால்வின் கம்பி பிடிக்கும் பிராக்கெட்டை அதே 30 மி.மீ. நகர்த்தியதும் சரியானது. லிஃப்ட் செய்த பல வண்டிகளில் யாரும் தொடாத இடம் இது.

இன்னொன்று, முதல் கியரில் கிளப்பும்போது வண்டியின் தரைத்தகட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் சென்டர் பேரிங். பின் முனை இறங்கியதால் நடு ஜாயின்ட்டில் கோணம் கூடிவிட்டது. சென்டர் பேரிங்குக்கும் சேஸிக்கும் நடுவே 10 மி.மீ. ஷிம் வைத்து இறக்கினதும் நின்றது. அது போதாதென்றால் பட்டைக்கும் பிளாக்குக்கும் நடுவே சாய்வுத் தகடு வைத்துப் பினியனை (ஷாஃப்ட் மாட்டும் டிஃபரன்ஷியல் முனை) திருப்ப வேண்டும். டிஜிட்டல் கோணமானி இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

அலைன்மென்ட்டில் எல்லோரும் டோ (சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பிய அளவு) மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். காஸ்டர் (ஸ்டீயரிங் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்த கோணம்) கேளுங்கள். தூக்கினால் காஸ்டர் குறையும். வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது, 80-ல் அலையும். இங்கே 2.9 டிகிரி 1.8 ஆகியிருந்தது. கேம் போல்ட்டைத் திருப்பி 2.5 வரை மீட்டோம், இடது வலது வித்தியாசம் 0.3. ஹெட்லைட்டையும் இறக்குங்கள், எதிரே வருபவர் கண்ணைக் குத்தும்.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. மஞ்சள் போர்டு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பிறகு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு. அதனால் வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ.விலும் இன்ஷூரன்ஸிலும் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. பழைய பாகங்களை மூட்டை கட்டி வைத்திருக்கிறோம். மூன்று மணி நேரத்தில் பழையபடி மாற்றலாம்.

100 கி.மீ. கழித்து யூ போல்ட் நட் ஒவ்வொன்றும் கால் சுற்று வாங்கியது, 500-ல் ஒன்றே ஒன்று, 1,000-ல் எதுவும் இல்லை. நட்டுக்கும் பிளேட்டுக்கும் குறுக்கே மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டிருக்கிறோம், நகர்ந்தால் கண்ணில் படும். கிரேட்டை உயர அடுக்கும் பழக்கத்தில் ஒரு வரிசை குறைத்தாயிற்று. பெங்களூருவின் புறவழியான நைஸ் ரோடு வளைவுகளில் சாய்வு கூடியது நன்றாகவே தெரிகிறது. தளிப் பக்கத்துத் தடத்தில் சேஸி இப்போது எங்கும் படவில்லை. டிஃபரன்ஷியல் உருண்டையின் அடியில் மட்டும் பழைய கீறலுக்குப் பக்கத்தில் புதுக் கீறல் விழுந்திருக்கிறது.