தரை போட்டாச்சு, அடுத்து யார் வர்றாங்க?

மதுரைப் பக்கம் வீடு புதுப்பிக்கும் வேலைகளைச் சைட்டில் நின்று பார்த்துக்கொள்வது என் தொழில். டைல்ஸ் கடையில் பொழுது சாயும்வரை நின்று நிறம் பார்க்கிற வீட்டுக்காரர்கள்கூட, போட்ட தரையை வேலை முடியும்வரை எதை வைத்து மூடப்போகிறோம் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. எஸ்டிமேட்டில் அதற்கு ஒரு வரி இருக்காது. வரி இல்லையென்றால் காசும் இல்லை. கடைசியில் பழைய ஃப்ளெக்ஸ் பேனர், சிமெண்ட் சாக்கு, டைல்ஸ் வந்த அட்டைப்பெட்டி என்று கைக்குக் கிடைத்தது தரைக்கு வருகிறது.

எந்த ஷீட் வாங்கலாம் என்று என்னிடம் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். இந்த அறைக்குள் இனி யார் யார் வரப்போகிறார்கள்? பட்டி பார்க்கும் பெயிண்டர் மட்டும் என்றால் கெட்டியான பாலித்தீன் போதும். ஆசாரி வந்து வார்ட்ரோப் அடிக்கப்போகிறார் என்றால் போதாது. சுத்தியலோ உளியோ கைதவறி விழுந்தால் பாலித்தீனும் தாங்காது, சன்பேக் ஷீட் என்கிற, உள்ளே பொள்ளலான பிளாஸ்டிக் அட்டையும் தாங்காது. அவர் உட்கார்ந்து வேலை செய்யும் இடத்தில் மட்டுமாவது ஷீட்டுக்கு மேல் ஒரு பழைய பிளைவுட்டைப் போடச் சொல்வேன். சாரத்தின் காலும் ஏணியின் காலும் நிற்கிற இடங்களுக்கும் அதேதான்.

அதிகம் கவனம் கேட்பது மார்பிள். ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து வரும் வெள்ளைக் கல்லை ஹாலில் பதித்துவிட்டு, “கடைசியில் மெஷின் பாலிஷ் போடத்தானே போறோம், அழுக்கெல்லாம் போயிரும்” என்பார்கள். பாலிஷ் எடுப்பது மேல்தோலை மட்டும். மார்பிள் நீரை உறிஞ்சும் கல். தேநீர், நனைந்த சாக்கின் சாறு, தேக்குத் தூளில் தண்ணீர் பட்டு இறங்கும் பழுப்பு, துருப்பிடித்த ஆணி எல்லாம் உள்ளே இறங்கிவிடும். அட்டைப்பெட்டியும் அப்படித்தான்: காய்ந்திருக்கும்வரை நல்லது, ஏசிக்குக் குழாய் போடுகிறவர் சிந்தும் ஒரு குடம் தண்ணீரில் அதுவே கறையாகிவிடும்.

அதனால் மார்பிளுக்கு நான் விரும்புவது பிஓபிதான், அதாவது தண்ணீரில் கரைத்து ஊற்றினால் இறுகும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். கல்லை நன்றாகத் துடைத்து, ஈரம் காயவிட்டு, ஓட்டையில்லாத கெட்டிப் பாலித்தீனை ஓரம் ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி விரித்து, அதன் மேல் அரை அங்குலத்துக்குப் பிஓபி. பாலித்தீன் கிழிந்தால் பிஓபி கரைசல் கல்லைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது இல்லை. பதித்த மறுநாளே மூடுவதும் கூடாது. அடியில் இருக்கிற கலவையின் ஈரம் வெளியே போக வழியில்லாமல் கல்லிலேயே திட்டுத்திட்டாக நிற்கும்.

ஆத்தங்குடிக் கல் இன்னும் மென்மையான விஷயம். காரைக்குடிப் பக்கத்து ஊரில், கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றிக் கையால் செய்கிற சிமெண்ட் கல் அது. நடக்க நடக்க மினுங்கும் என்பது அதன் அழகு. பெயிண்ட் சொட்டு விழுந்து காய்ந்தால் டைல்ஸில் சுரண்டுவது போல் சுரண்ட முடியாது. பிளாஸ்டிக்கை இறுக்கி மூடினால் ஈரம் அடைபட்டு உப்புப் பூக்கும். கல் நன்றாகக் காய்ந்த பிறகு, மூச்சு விடுகிற சுத்தமான பருத்தித் துணியோ பெயிண்டர்கள் விரிக்கும் கனமான துணியோ போட்டு, தண்ணீர் வேலையை அந்த அறையில் முன்கூட்டியே முடித்துவிடுவது என் வழக்கம்.

ஆசிட் பற்றி ஒன்று. “அண்ணே, கடைசியில ஆசிட் ஊத்திக் கழுவிட்டாப் போச்சு” என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். மார்பிளும் சுண்ணாம்புக் கல்தான், ஆசிட் பட்டால் பொங்கி அரித்துவிடும். ஆத்தங்குடிக் கல்லின் சிமெண்டும் அப்படியே. அந்தப் புகையில் புதிதாக மாட்டிய கதவுக் கீலும் குழாயும் மங்கிவிடும்.

விட்ரிஃபைடு டைல்ஸுக்குச் சன்பேக் ஷீட் நல்ல தேர்வு. லேசானது, நனையாது, கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் விரிக்கும் முன் பெருக்கியது போதாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கடினத்தன்மையைப் பத்துக்கு அளக்கும் மோஸ் அளவில் மார்பிள் 3, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. ஷீட்டுக்கு அடியில் மாட்டிய மணல், மேலே நடப்பவர் ஒவ்வொருவரின் எடையிலும் தரையைத் தேய்க்கும். டைல்ஸின் பளபளப்பும் அதற்குத் தப்பாது. மூடாத தரையைவிட மணலோடு மூடிய தரைதான் சில சமயம் மோசமாகக் கிடக்கும். வாரம் ஒருமுறை ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

டேப்பை ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் மட்டும் ஒட்டுங்கள். கல்லில் ஒட்டி வாரக்கணக்கில் விட்டால் பசை அங்கேயே தங்கிவிடும், வெயில் படும் ஜன்னலோரம் இன்னும் சீக்கிரம். ஜாயிண்ட் அடைத்துக் காய்ந்த பிறகே மூடுங்கள்.

கிரில் வேலைக்காரர் வீட்டுக்குள் கிரைண்டர் போட்டால் அந்த நெருப்புப்பொறி டைல்ஸின் மேல் உருகிப் பதிந்து, பிறகு துருப்புள்ளியாக வரும். பிளாஸ்டிக் ஷீட் உருகும், தீயும் பிடிக்கும். அறுக்கிற வேலையை வாசலுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். முடியாதென்றால் ஷீட்டை எடுத்துவிட்டுத் தகரம் விரித்து, பக்கத்தில் வாளித் தண்ணீர்.

படிக்கட்டில் பாலித்தீனும் ஃப்ளெக்ஸும் வேண்டவே வேண்டாம். தலையில் மணல் சட்டியோடு ஏறுகிற சித்தாளுக்குக் கால் வழுக்கினால், காப்பாற்றிய படிக்கல்லால் யாருக்கு என்ன பயன்? படிகளின் விளிம்புக்கு மட்டும் அட்டையோ மெல்லிய பிளைவுட்டோ வெட்டி, அசையாமல் கட்டிவிடலாம்.

இப்போது நான் போடுகிற எஸ்டிமேட்டில் தரை மூடுவதற்கு அறைவாரியாகத் தனி வரி இருக்கிறது: எந்தப் பொருள், எத்தனை சதுர அடி, விரிப்பது யார், கிழிந்தால் மாற்றுவது யார், எடுத்த பிஓபிக் குப்பையை அள்ளுவது யார் செலவில். கையெழுத்துப் போடும் முன் உங்கள் கான்ட்ராக்டரிடமும் இந்த ஐந்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.