டிரெய்லருக்கு 30 ஆம்ப் லைன் இழுத்த கதை

டிராவல் டிரெய்லர் (காரில் கட்டி இழுத்துப் போகும் சக்கர வீடு) வாங்கி வீட்டுப் பக்கவாட்டில் நிறுத்தியது மே மாதம். டாலஸ் வெயிலில் ஏசி இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. கராஜ் சாக்கெட்டில் அடாப்டர் மாட்டிப் போட்டுப் பார்த்தேன். கம்ப்ரசர் எடுத்ததும் பிரேக்கர் ட்ரிப். சரி, தனி லைனே இழுத்துவிடலாம் என்று இறங்கினேன்.

பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன், "30 ஆம்ப்தானே? இரட்டை பிரேக்கர் போட்டு 240 கொடுத்துவிடலாம்" என்றார். (இங்கே சாதாரண சாக்கெட் 120 வோல்ட். இரண்டு லைனைச் சேர்த்தால் 240.) 230 வோல்ட்டில் வளர்ந்த எனக்கும் அது சரியாகவே பட்டது. பெரிய லோடுக்கெல்லாம் இங்கே 240தானே! நல்லவேளை, இரவு டிரெய்லர் மேனுவலைப் புரட்டினேன். 120 வோல்ட் என்று போட்டிருந்தது. டிரெய்லரின் மூன்று கால் பிளக்குக்கு டிடி-30 என்று பெயர். ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த், ஒற்றை பிரேக்கர், அவ்வளவுதான். பழைய துணி டிரையர் பிளக்கும் 30 ஆம்ப், மூன்று கால், ஆனால் 240. குழப்பமே அங்கேதான். மாற்றிக் கொடுத்திருந்தால் மைக்ரோவேவ், கன்வர்ட்டர் எல்லாம் புகைந்திருக்கும். நாலு கால் பிளக்கும் இரட்டை பிரேக்கரும் 50 ஆம்ப் வண்டிகளுக்குத்தான்.

அவரை அனுப்பிவிட்டு, நகராட்சியில் பெர்மிட் வாங்கி நானே செய்தேன். அடுத்தது ஒயர். 30 ஆம்ப்புக்கு 10 கேஜ் செம்பு போதும், நம்மூர்க் கணக்கில் ஐந்தேகால் ஸ்கொயர் எம்எம். ஆனால் பேனலிலிருந்து (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) 80 அடி. முழு லோடில் 6 வோல்ட் வழியிலேயே போய்விடும். 8 கேஜ் என்றால் இழப்பு 4 வோல்ட்டுக்குள். (எண் குறைந்தால் ஒயர் தடிமன், பழக நாளாகும்.) கறுப்பும் வெள்ளையும் 8 வாங்கினேன். எர்த்தில் என்ன கரன்ட் ஓடப்போகிறது என்று பச்சையை மட்டும் 10 கேஜிலேயே வாங்கினேன்.

தோண்டுவதற்கு முன் 811-க்குப் போன் செய்தால் இலவசமாக வந்து கேஸ், கேபிள் லைன்களைத் தரையில் குறித்துவிட்டுப் போவார்கள். பிவிசி பைப்புக்கு 18 அங்குல ஆழம் வேண்டும். இங்கே மண் அச்சு அசல் கோவில்பட்டிக் கரிசல். காய்ந்தால் கடப்பாரையே எகிறும். இரண்டு சனி, ஞாயிறு அதிலேயே போயின.

இன்ஸ்பெக்டர் முதலில் பார்த்தது அந்தப் பச்சை ஒயரைத்தான். தூரத்துக்காக ஃபேஸ் ஒயரைத் தடிமனாக்கினால் எர்த்தையும் அதே விகிதத்தில் கூட்ட வேண்டுமாம். ஃபெயில். உருவி 8 கேஜ் போட்டேன். வெளிப்புற சாக்கெட் என்பதால் ஜிஎஃப்சிஐ பிரேக்கர் (கரன்ட் கசிந்தால் உடனே துண்டிப்பது), அதுவும் நம் பேனலுக்கென்றே பட்டியலிட்ட மாடல். உள்ளே நுழைகிறதே என்று வேறு பிராண்டு போடக்கூடாது. மெயினை அணைத்தாலும் மீட்டரிலிருந்து வரும் ஒயர்களில் கரன்ட் இருக்கும். அதனால் பேனல் இணைப்பை மட்டும் வேறொரு எலெக்ட்ரீஷியனிடம் விட்டேன்.

டிரெய்லரைச் செருகும் முன் மல்டிமீட்டர் வைத்தேன். ஃபேஸ்-நியூட்ரல் 121, ஃபேஸ்-எர்த் 121, நியூட்ரல்-எர்த் பூஜ்யம். ஏசி ஓடும்போது 119.

வெட்டிய ஒயரைக் கடையில் திரும்ப எடுப்பதில்லை. அந்தப் பச்சைச் சுருள் கராஜில் தொங்குகிறது. துணி காயப்போடக் கொடி கட்டித் தரச் சொல்லி மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.