தீயும் கத்தரியும்

மார்ச் 4
ஞாயிறன்று வாசகர் வட்டத்தில் இருபது நிமிடம் பேச வேண்டும். "ரோமைப் பற்றி ஏதாவது" என்றார்கள். ஏதாவது என்றால் எனக்கு ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ்தான். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவருடைய 'அன்னல்ஸ்' வரலாற்றின் நான்காம் புத்தகத்தை எடுத்தேன்.

கி.பி. 25. கிரெமூட்டியஸ் கார்டஸ் என்ற வரலாற்றாசிரியர் செனட்டில் நிற்கிறார். ஜூலியஸ் சீசரைக் கொன்றவர்களில் புரூட்டஸைப் புகழ்ந்தார், காசியஸை 'கடைசி ரோமன்' என்று எழுதினார் என்பது வழக்கு. அதுவரை யாரும் கேள்விப்படாத குற்றம் என்கிறார் டாசிட்டஸ். வழக்குப் போட்ட இருவரும் பேரரசர் திபேரியஸின் வலக்கையான செஜானஸின் ஆட்கள். திபேரியஸ் கடுகடுத்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தன் சொற்களுக்குத்தான் வழக்கு, செயலில் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை என்று தொடங்குகிறார் கார்டஸ். வரலாற்றாசிரியர் லிவி, சீசரின் எதிரி பாம்பேயைத் தூக்கிவைத்து எழுதினார்; முந்தைய பேரரசர் அகஸ்டஸ் லிவியை 'பாம்பே கட்சிக்காரர்' என்று கிண்டல் செய்தாரே தவிர, நட்பை முறித்துக்கொள்ளவில்லை என்கிறார். நல்ல வாதம்தான். ஆனால் கிண்டலோடு நிறுத்திக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்ததும் அரசன்தானே? லிவி பிழைத்தது சட்டத்தால் அல்ல, அகஸ்டஸின் மனநிலையால்.

மார்ச் 5
புரூட்டஸும் காசியஸும் செத்து எழுபது ஆண்டாகிறது, மக்களைப் போர்க்களத்துக்கா அழைக்கிறேன் என்று கேட்கிறார் கார்டஸ். அவர்கள் இருவரும் செத்த பிலிப்பிப் போர் கி.மு. 42. கணக்குப் போட்டால் 66 ஆண்டுதான். அந்தப் பேச்சையே டாசிட்டஸ்தான் எழுதியிருக்க வேண்டும்; அந்தக் கால வரலாற்றாசிரியர்கள் வழக்கம் அது. டாசிட்டஸையும் சும்மா விட முடியாது. விரும்பியதை நினைக்கவும் நினைத்ததைச் சொல்லவும் முடிகிற அபூர்வமான காலம் என்று தன் காலத்தைப் பாராட்டுகிறார். அதே மூச்சில், அக்காலப் பேரரசர்கள் நெர்வா, டிராஜன் ஆட்சியைக் கிழவனானதும் எழுதுகிறேன் என்று தள்ளிவைக்கிறார். கடைசிவரை எழுதவில்லை!

மார்ச் 6
மின்வெட்டு. மெழுகுவத்தியில் நாலு பக்கம். பின்னாளில் பேரரசரான கிளாடியஸ் இளவயதில் வரலாறு எழுத உட்கார்ந்தார், சீசர் கொலையிலிருந்து. அம்மா மார்க் ஆண்டனியின் மகள், பாட்டி, உள்நாட்டுப் போரில் ஆண்டனியை வீழ்த்திய அகஸ்டஸின் மனைவி. இரண்டு பேரும் விடாமல் கண்டிக்க, இரண்டு புத்தகத்தோடு உள்நாட்டுப் போரைத் தாண்டிக் குதித்து, அமைதிக் காலத்தைப் பற்றி 41 புத்தகம் எழுதினார். அரண்மனைக்குள்ளேயே தணிக்கை!

மார்ச் 7
கார்டஸ் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை; பட்டினி கிடந்து செத்தார். தத்துவஞானி செனெகா சொல்வது: அறைக்குள் சாப்பிட்டதுபோல் காட்ட, உணவில் கொஞ்சத்தை ஜன்னல் வழியாக வெளியே வீசினார். நான்காம் நாள் மகள் மார்சியாவைக் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். வெளிச்சத்தை அடைக்கச் சொல்லி இருட்டில் படுத்துக்கொண்டார். குற்றவாளி தப்பிக்கிறான் என்று வழக்குப் போட்டவர்கள் ரோமின் உயர் அதிகாரிகளான கான்சல்களிடம் ஓடினார்கள். சாவதற்கு உரிமை உண்டா என்று பேசி முடிப்பதற்குள் அவர் போய்விட்டார்.

புத்தகத்தை எரிக்க செனட் உத்தரவிட்டது. மார்சியா பிரதியை மறைத்து வைத்திருந்தார். அடுத்த பேரரசர் காலிகுலா காலத்தில் அனுமதி கிடைத்து மறுபடி வெளிவந்தது. இன்றைய அதிகாரத்தால் நாளைய நினைவை அணைத்துவிடலாம் என்று நம்புகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றுகிறது என்று டாசிட்டஸ் எழுதும் இடம் இது. அங்கே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன்.

இன்று பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியனைப் புரட்டியபோது அந்தக் கோட்டை அழிக்கத் தோன்றியது. கார்டஸுக்குக் கேடு விளைவித்த பகுதிகளை வெட்டிய பிறகும் அவர் துணிவை ரசிக்கிறவர்கள் உண்டு என்கிறார். ஆக, மீண்டு வந்தது கத்தரித்த கார்டஸ். மார்சியாவே வெட்டினாரா? அப்படியே இருந்தாலும், அப்பாவைப் பறிகொடுத்தவரை நான் என்ன குறை சொல்ல?

மார்ச் 9
பேசி முடித்தேன். போலியோ என்ற ரோமர் உள்நாட்டுப் போரின் வரலாற்றை எழுதத் தொடங்கியபோது, ஏமாற்றும் சாம்பலுக்கு அடியிலுள்ள நெருப்பின்மேல் நடக்கிறாய் என்று கவிஞர் ஹோரஸ் எச்சரித்ததைச் சொன்னேன். "நீறு பூத்த நெருப்பு" என்றார் முன்வரிசைப் பெரியவர். அதேதான்.

கார்டஸின் நூல் எங்கே வாங்கலாம் என்று ஒரு பெண் கேட்டார். கிடைக்காது. சில வரிகள்தான் மிச்சம். பேச்சாளர் சிசரோவின் வெட்டப்பட்ட தலையை ரோமின் பேச்சு மேடையில் வைத்த காட்சி. செனெகாவின் அப்பா மூத்த செனெகா பேச்சுப் பயிற்சிகளைத் தொகுத்த நூலில், மற்றவர்கள் எழுதியதோடு ஒப்பிட எடுத்துப் போட்டவை.