பாந்தோல் சிவப்பும் ஆட்டுத்தொடையும்

பிரான்சின் தென்கடலோரப் பகுதியான புரோவான்ஸ் என்றதும் வெளிறிய ரோஸ் (இளஞ்சிவப்பு) வைன்தான் பலருக்கும் நினைவு வரும். அதே புரோவான்ஸில், மார்செய்க்கும் தூலோனுக்கும் நடுவே, கடலைப் பார்த்த படிக்கட்டு வயல்களில் விளையும் பாந்தோல் சிவப்பு வைன் நேர் எதிர் குணம்: கருஞ்சிவப்பு, முரடு, எடுத்த எடுப்பில் பிடிகொடுக்காது. எல்லாம் மூர்வேத்ர் என்ற திராட்சையின் வேலை. தோல் தடித்தது, பழுக்க வெகுநாள் பிடிக்கும். தலைக்கு வெயிலும் காலுக்குக் கடலும் வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் இதைப் பற்றிச் சொல்வார்கள். பாந்தோல் வைனுக்கு 1941 முதல் தனி வட்டார முத்திரை உண்டு. விதிப்படி சிவப்பில் குறைந்தது பாதி மூர்வேத்ர் இருக்க வேண்டும், மரத்தொட்டியில் 18 மாதமாவது கிடக்க வேண்டும். மிச்சம் பெரும்பாலும் கிரெனாஷ், சென்சோ என்ற வேறு திராட்சைகள்.

இந்த வைனைப் பேசத் தமிழ் வசதியான மொழி. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வைனுக்கு வரும் டானின் என்ற பொருள் தரும் உணர்வுக்கு நம்மிடம் துவர்ப்பு என்ற சொல் தயாராக இருக்கிறது. நாவற்பழம் தின்றபின் நாக்கு இழுபடுமே, அதேதான். எச்சிலில் உள்ள புரதத்தை டானின் பற்றிக்கொள்வதால் வாய் வழவழப்பை இழக்கிறது. இளம் பாந்தோலில் இது ஈறு வரை ஏறும்.

திறந்தவுடன் முகர்ந்து பார்த்து முகம் சுளிப்பவர்கள் அதிகம். மூர்வேத்ர் காற்றுக்கு ஏங்கும் இனம். அடைபட்டுக் கிடந்தால் எரிந்த தீக்குச்சி, சில சமயம் அழுகிய முட்டை வாடை வரும். எட்டு வயதுக்கு உட்பட்ட புட்டியை அகன்ற குடுவைக்கு மாற்றி 2 முதல் 3 மணி நேரம் விடுங்கள். வாடை அடங்கி கருப்புப் பழம், தைம் என்ற மூலிகை, மிளகு, தோல்செருப்பு மணம் மேலே வரும். அவசரமென்றால் நன்றாகக் கழுவிய செப்புத் துண்டு ஒன்றைக் கோப்பையில் போட்டுச் சுழற்றி எடுக்கலாம். கந்தக வாடையைச் செம்பு பிடித்துக்கொள்ளும். நனைந்த அட்டை வாடை வந்தால் கதை வேறு. அது தக்கையின் கோளாறு. எவ்வளவு காற்றுப் பட்டாலும் தீராது, கடைக்குத் திருப்பிவிடுங்கள். பழைய புட்டியை ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வைத்து, வண்டல் கலங்காமல் ஊற்ற வேண்டும். நீண்ட நேரம் காற்றாட விட்டால் அதன் மணம் ஓடிப்போகும்.

16 முதல் 18 பாகை செல்சியஸ் வெப்பம் போதும். 'அறை வெப்பத்தில் பரிமாறவும்' என்பது குளிர்நாட்டு அறையை நினைத்து எழுதியது. 30 பாகையில் ஊற்றினால் சாராய நெடி மட்டும்தான் மூக்கில் ஏறும். குளிர்பெட்டியில் அரைமணி வைத்தால் சரியாகும். கடுங்குளிரும் ஆகாது, துவர்ப்பு இரட்டிப்பாகும்.

சாப்பாட்டுக்கு முதல் தேர்வு ஆட்டுத்தொடை. இரண்டு கிலோ தொடையில் ஆறு பல் பூண்டைக் கீறிச் சொருகி, ஆலிவ் எண்ணெய், உப்பு, தைம், ரோஸ்மேரி மூலிகைகள் தடவி ஓவனில் வாட்டுங்கள். நடுப்பகுதி 57 பாகையைத் தொட்டதும் வெளியே எடுத்து 20 நிமிடம் ஆறவிட வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாகச் சாறோடு இருந்தால்தான் டானின் அந்தப் புரதத்தைப் பற்றும், உங்கள் எச்சிலை விட்டுவிடும். உப்பும் துவர்ப்பைத் தணிக்கும். முறுக வாட்டிய வறண்ட கறியோடு இதே வைன் கடுக்காய்போல் இருக்கும். பழி வைன்மேல் விழும்.

தோப் என்ற புரோவான்ஸ் மாட்டுக்கறிக் குழம்பும் நல்ல இணை. ஆரஞ்சுத் தோலோடு, கொதி மிஞ்சாமல் மூன்று நான்கு மணி நேரம் வேக வேண்டியது. குழம்புக்குள் பாந்தோலை ஊற்றாதீர்கள், விலையும் வீண், வற்ற வற்றத் துவர்ப்பும் ஏறும். மலிவான, மென்மையான கிரெனாஷ் வைன் போதும். கேரட்டை அள்ளிப் போட்டால் இனிப்பு கூடி வைன் புளிப்பாகத் தெரியும்.

சைவத்துக்கு எண்ணெயில் நன்கு வதங்கிய கத்தரிக்காய், காளான், செம்மறிப்பால் கெட்டிச் சீஸ். மிளகாய்க் காரம் வேண்டாம். சாராயம் எரிச்சலைத் தூக்கிவிடும். மார்செய்யின் மீன்குழம்பான புயாபேஸுடனும் ஆகாது. சிவப்பு வைனில் உள்ள இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்து வாயில் கவிச்சி வாடை கிளப்பும். அதற்குப் பாந்தோலிலேயே ரோஸும் வெள்ளையும் இருக்கின்றன.