மதுரையில் பெக்கெட்: ஒரு ராஜபார்ட்டும் ஸ்பூல் ரெக்கார்டரும்

ஐரிஷ் எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டின் ‘க்ராப்ஸ் லாஸ்ட் டேப்’ நாடகத்தை மதுரை கே.கே.நகர் அரங்கில் பார்த்தேன். சென்னை, திருச்சி, நெல்லை பஸ்களில் வருகிறவர்கள் மாட்டுத்தாவணியில் இறங்கினால் கே.கே.நகர் அரங்கு ஷேர் ஆட்டோ தூரம்தான். கோவை, தேனி பஸ்கள் ஆரப்பாளையத்துக்குப் போகும். அங்கிருந்து மாலை நெரிசலில் ஊரைக் கடக்க முக்கால் மணி நேரமாவது ஆகும். நாடகமே ஒரு மணி நேரம்தான். பத்து நிமிடம் பிந்தினால், தொடக்கத்தில் க்ராப் வாழைப்பழம் தின்னும் கட்டம் போய்விடும்.

பெக்கெட் 1958இல் எழுதிய ஓராள் நாடகம் இது. 69 வயது க்ராப், 39 வயதில் தான் பேசிப் பதிந்த டேப்பைப் போட்டுக் கேட்கிறார். ஒரு மேசை, ஒரு விளக்கு, ரெக்கார்டர், டேப் பெட்டிகள். வேறு பாத்திரம் கிடையாது.

நடித்தவர், கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் நெடுங்காலம் ராஜபார்ட், அதாவது கதாநாயகன் வேஷம், கட்டியவர். அந்த மேடையில் ஒத்திகை என்பதே இல்லை. ஆளாளுக்கு ஓர் ஊரிலிருந்து வந்து, அன்றிரவு மேடையில்தான் சந்திப்பார்கள். தர்க்கத்தில், அதாவது பாட்டும் வசனமுமாக வாதாடும் கட்டத்தில், எதிராளி எதை எடுத்து வீசினாலும் அந்த இடத்திலேயே பதில் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு இங்கே எதிராளி ஒரு மிஷின். கேள்விக்கு நிற்காது, கைதட்டலுக்குப் பொறுக்காது. பாதி நாடகம் சும்மா உட்கார்ந்து கேட்பதுதான், பாட்டோ வசனமோ இல்லாமல். முதல் கால் மணி நேரம் அவர் கை தாளத்தைத் தேடியது அப்பட்டமாகத் தெரிந்தது. க்ராப் ஒரு பெண்ணோடு படகில் இருந்ததை டேப்பில் சொல்லும் கட்டம் ஒலிக்கும்போது அந்தக் கை அசையவே இல்லை. அதற்கே டிக்கெட் காசு செரித்துவிட்டது.

ரெக்கார்டர் விஷயம் தனி. டேப் சுருளைப் போட்டு ஓட்டும் பழைய ஸ்பூல் மிஷினை அப்படியே ஓட்டினால் இரண்டு சிக்கல். ரப்பர் பெல்ட் இளகியிருந்தால் வேகம் தள்ளாடி, குரல் இழுக்கும். டேப்பைப் பின்னால் சுற்றி, வேண்டிய வாக்கியத்தில் சரியாக நிறுத்துவதும் நடக்காத காரியம். நாடகமோ அதே பகுதிக்குத் திரும்பத் திரும்பப் போகிறது. அதனால் ஸ்பூல் சும்மா சுற்றும். ஒலியை லேப்டாப்பிலிருந்து ஒருவர் விடுவார். அவர் கண் நடிகரின் விரலிலேயே இருக்க வேண்டும். அரை நொடி முந்தினாலும் குட்டு உடைந்துவிடும். ஸ்பீக்கரை மேசைக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்தார்கள், அது சரி. அரங்கத்தின் பக்கவாட்டுப் பெட்டிகளில் விட்டிருந்தால் குரல் மிஷினிலிருந்து வராமல் சுவரிலிருந்து வந்திருக்கும். ஃபேன்களை மட்டும் நிறுத்தவில்லை. மதுரை வெக்கையில் நிறுத்தவும் முடியாது, ஆனால் டேப்பின் மெல்லிய இரைச்சல் அதில் கரைந்துவிட்டது.

டேப்பில் வரும் இளவயதுக் குரலையும் நடிகரே பதிந்திருக்கிறார். தொண்டையைச் சுருக்கி மிமிக்ரி செய்யாமல், வேகத்தையும் கர்வத்தையும் மட்டும் கூட்டியிருக்கிறார். நல்ல முடிவு.

வாழைப்பழம் இரண்டு வேண்டும், அதுவும் பெரிதாக. சிறுமலைப் பழம் ருசிதான், மேடைக்கு உதவாது, பின்வரிசைக்குத் தெரியாது. நீளமான பச்சைப்பழம் சரி. ரொம்பக் கனிந்தால் வாயில் வைத்து அசையாமல் நிற்கும் இடத்தில் ஒடிந்து விழும். தோல் வழுக்குவது கதையிலேயே உண்டு, அதுவும் நிஜமாக வழுக்கினால் இந்த வயதில் இடுப்பு போகும். காலடியில் மட்டும், முன்கூட்டியே துடைத்து உலர்த்திய வேறொரு தோலைப் போட்டு வைப்பது உத்தமம்.

இவரைப் போன்ற ஸ்பெஷல் நாடக நடிகர்களை அவர்களுடைய சொந்தக் களத்தில் பார்க்க ஆசையென்றால் பங்குனியிலிருந்து ஆடிவரை வாருங்கள். மேலூர், உசிலம்பட்டி சுற்றுவட்டாரக் கோயில் திருவிழாக்களில் ‘வள்ளி திருமணம்’ இரவு பத்து மணிவாக்கில் தொடங்கி விடியும்வரை நடக்கும். நோட்டீஸில் நடிகர் பெயரோடு ஊரும் இருக்கும். ஹார்மோனியம் இருக்கும் பக்கமாக இடம் பிடியுங்கள். நடிகர் மூச்சு வாங்கும்போது ஹார்மோனியக்காரர் எப்படிச் சுருதியைப் பிடித்துக் காத்திருக்கிறார் என்பது அங்கிருந்துதான் தெரியும்.