கறுவாத்தோட்டத்தில் கறுவா எங்கே?

எங்கள் பூகோள சேர் வகுப்புக்கு வந்த முதல் நாளே கேட்ட கேள்வி இது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொழும்பின் அந்தப் பகுதியில் ஒல்லாந்தர் நட்ட கறுவா போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது என்றார். அடுத்தது, "முகத்துவாரம் எதனுடைய முகத்துவாரம்?" களனி கங்கை கடலில் விழும் இடம் என்று அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வந்தவனுக்கே தெரியவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. வகுப்பில் பாதிப்பேர், விடுமுறை விட்டதும் கோட்டை ஸ்டேஷனில் யாழ்ப்பாண ரயிலான யாழ்தேவி ஏறுகிறவர்கள். ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் நில அளவைத் திணைக்களத்தின் படத்தைக் கரும்பலகையில் தொங்கவிட்டு, "இதிலே உங்கள் ஊருக்கு ஒரு பெயர்தான். ஊருக்குள்ளே எத்தனை இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார் சேர்.

என் ஊர் யாழ்ப்பாணத்து மயிலிட்டி. ஆச்சியிடம் கேட்டேன். "காணிப் பேரோ? உறுதிப் பெட்டியை எடு மோனை" என்றா. தகரப் பெட்டி. கறையான் அரித்த காணி உறுதிகள், அதாவது பத்திரங்கள். ஒவ்வொன்றிலும் காணியின் பெயர், நாலு பக்க எல்லை, அப்புறம் பரப்பளவு, "லாச்சம் வரகு" என்று. நெற்காணி என்றால் ஒரு லாச்சம் 12 குழி, வரகுக் காணி என்றால் 18 குழி. எங்கள் காணியில் வரகு விதைத்ததை ஆச்சியே கண்டதில்லை. அதுவும் ஒரு கறுவாத்தோட்டம்தான்!

பிறகு என்னை வெயிலில் நடத்திக் காட்டினா. வீட்டு வளவு எது, வயற்புலம் எது, தண்ணீர் எடுக்கிற துரவு எது என்று. ஓர் இடத்தில் குதிக்காலால் நிலத்தைத் தட்டி, "இது கலட்டி. மண்வெட்டி ரெண்டு விரக்கடை இறங்காது" என்றா. புளியடி ஒழுங்கையில் புளியமரம் இல்லை. ஆச்சி கலியாணம் முடித்து வந்தபோதே இல்லையாம். பக்கத்து வீட்டுக் கிழவரோ அதை மடத்தடி ஒழுங்கை என்று அடித்துச் சொன்னார். மடமும் இல்லை.

கொப்பியில் 43 பெயர்கள் சேர்ந்தன. நான் கீறிய படம் பார்க்கச் சகிக்காது. சேர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒழுங்கைப் பிரச்சினைக்கு மட்டும் சிவப்பு மையில், "இரண்டையும் எழுது. எதை யார் சொன்னது என்றும் எழுது" என்று குறித்திருந்தார். எழுதினேன்.

1990இல் ஊர் முழுக்க இடம்பெயர்ந்தது. 2017 ஜூலையில் துறைமுகத்தோடு ஒரு பகுதி இராணுவத்திடமிருந்து விடுபட்டபோது மச்சான் போய்ப் பார்த்துவிட்டு ரொறன்ரோவில் இருக்கிற எனக்கு போன் எடுத்தான். ஒரே பற்றை, வேலியும் இல்லை எல்லைக் கல்லும் இல்லை, எங்கட வளவு எந்தப் பக்கமடா என்றான். கொப்பி வெள்ளவத்தையில் தங்கச்சி வீட்டு அலுமாரியில் இருந்தது. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைபரில் அனுப்பினாள். கலட்டியைக் காலால் தட்டியே பிடித்துவிட்டான். அதற்குத் தெற்கே துரவும் அகப்பட்டது.

ஒழுங்கைதான் இன்னும் இழுபறி. பெரியம்மா மடத்தடி என்கிறா. புளியடிதான் என்று சண்டை பிடிக்கிறவள் தங்கச்சி; அவள் பிறந்தது கொழும்பில்.